நீங்களே பூட்டிய ஏர் ரைஃபிளுக்கு என்னென்ன உதிரிபாகம் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: வெவ்வேறு இடங்களில் வாங்கிய பாகங்களைச் சேர்த்து 4.5 மி.மீ. பிசிபி ஏர் ரைஃபிள் ஒன்றை, அதாவது சிலிண்டரில் முன்பே அடைத்த உயர் அழுத்தக் காற்றால் சுடுவதை, பூட்டியாயிற்று. பயிற்சிக்கு, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் காற்றை அழுத்திச் சுடும் ஒரு பழைய ஸ்பிரிங் ரைஃபிளும் இருக்கிறது. போட்டி நாளில் எதுவும் நின்றுவிடக் கூடாது. அதற்காகத் தேவையில்லாததை வாங்கிப் பெட்டியை நிரப்பவும் மனமில்லை. எதை, எத்தனை வாங்கி வைப்பது?

வாங்குவதற்கு முன்னால் அளந்து எழுத வேண்டும். கடையில் முழுதாக வாங்கிய ரைஃபிளுக்குப் பாகப் படம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கும், எண்ணைச் சொன்னால் பாகம் வரும். நீங்கள் சேர்த்துப் பூட்டியதற்கு அப்படி ஒரு படம் உலகத்தில் எங்கும் கிடையாது. சுடும் பொறியமைப்பான ஆக்‌ஷன் ஒருவர் செய்தது, சிலிண்டரின் அழுத்தத்தைச் சீராகக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இன்னொருவர் செய்தது, காற்று நிரப்பும் முனை மூன்றாமவர் செய்தது. ஒன்றில் மி.மீ. அளவு, மற்றொன்றில் அங்குல அளவு. ஆகவே உங்கள் கையிருப்பில் முதலில் சேர வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். அடுத்த முறை பிரிக்கும்போது, காற்றை முழுவதும் இறக்கிய பிறகு, ஒவ்வொரு சீல் உட்காரும் இடத்தையும், ஒவ்வொரு ஸ்பிரிங்கையும், ஒவ்வொரு திருகையும் டிஜிட்டல் வெர்னியரால் அளந்து அதில் எழுதுங்கள். அந்தப் பக்கங்கள்தான் இனி உங்கள் பாகப் பட்டியல்.

முதலில் ஓ-ரிங், அதாவது இணைப்புகளில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். பிசிபி ரைஃபிள் ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய ரிங்கைக் கழற்றி அதன் தடிமனை அளந்து, அதே அளவில் வாங்குவது பலரும் செய்கிற தவறு. அழுத்தத்தில் மாதக்கணக்கில் இருந்த ரிங் தட்டையாகி, அந்த வடிவிலேயே நின்றுவிடும். அதன் அளவு உங்களுக்குப் பொய் சொல்லும். அளக்க வேண்டியது அது உட்காரும் பள்ளத்தையும், அதைச் சுற்றி வரும் துளையையும்தான். பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ச்சுவர் வரை உள்ள இடைவெளி 1.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1.78 மி.மீ. தடிமன் ரிங் போட்டால் 21 சதவீதம் நசுங்கும். அசையாத இணைப்புக்கு இது சரியான அளவு. 2 மி.மீ. ரிங் போட்டால் வரம்பின் உச்சியான 30 சதவீதம் நசுங்கும். பூட்டும்போதே விளிம்பில் வெட்டுப்பட வாய்ப்பு அதிகம். 1.5 மி.மீ. போட்டால் 7 சதவீதம்கூட நசுங்காது. முதல் நாள் பிடிக்கும், குளிர்ந்த காலையில் கசியும். அசையாத இடத்துக்கு 15 முதல் 30 சதவீதம், முன்பின் நகரும் இடத்துக்கு 10 முதல் 20 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்குல வரிசையில் 1.78 மி.மீ. தடிமன் ரிங்குகள்தான் ஏர் ரைஃபிளில் அதிகம் வரும். அந்த வரிசையில் 008 என்ற எண் 4.47 மி.மீ. உள்விட்டம், 010 என்பது 6.07, 011 என்பது 7.65, 012 என்பது 9.25. மி.மீ. வரிசையில் 1.5, 2.0, 2.5 தடிமன்கள் வரும். 1.78-க்குப் பதில் 2.0 'ஏறக்குறைய அதேதான்' என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம். மேலே உள்ள கணக்கைப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

அளவுக்கு அடுத்தபடி ரப்பரின் வகையும் கடினமும். பொதுவான தேர்வு நைட்ரைல். அதிலும் கடினத்தைக் காட்டும் ஷோர் அளவுகோலில் 70, 90 என்று இரண்டு வரும். சிலிண்டர் இணைப்பு, ரெகுலேட்டரின் உயர் அழுத்தப் பக்கம், நிரப்பும் முனை ஆகிய இடங்களுக்கு 90 வேண்டும். 200 பார் அழுத்தத்தில் 70 ரிங் இடுக்குக்குள் பிதுங்கி, ஓரம் பிய்ந்துவிடும். அதோடு, அழுத்தத்தில் ரப்பருக்குள் ஊறிய காற்று, திடீரென்று இறக்கும்போது உள்ளிருந்தே விரிந்து கொப்புளமும் வெடிப்பும் உண்டாக்கும். நிரப்பும் முனையில் உள்ள ரிங் ஒவ்வொரு முறையும் இந்த அடியை வாங்குகிறது. ஈயக் குண்டான பெல்லட்டைக் குழலுக்குள் தள்ளும் போல்ட் முனையில் இருக்கும் சின்ன ரிங்குக்கோ 70 போதும். அங்கே மென்மைதான் சீலாக வேலை செய்கிறது. ஈபிடிஎம் ரப்பர் ரிங்குகளைத் தவிருங்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தாது எண்ணெய் பட்டால் ஊதிப்போகும்.

எத்தனை வாங்குவது என்பதற்கு ஒரே எண் கிடையாது. எந்த இடம் எவ்வளவு அடி வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. போல்ட் முனை ரிங், நிரப்பும் முனை ரிங்குகள் ஒவ்வொரு அளவிலும் 10. சிலிண்டர் மரைக்கு அருகில் வரும் ரிங் 4. ரெகுலேட்டர் பிஸ்டனின் பெரிய ரிங், சிறிய ரிங் இரண்டிலும் இரண்டு ஜோடி. காற்று வழித்துளையின் சீல் 4. பிரஷர் கேஜின் அடியில் வரும் உலோக வளையத்தோடு ஒட்டிய ரப்பர் வாஷர் 2. இந்த எண்ணிக்கை கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். ஆனால் ஓ-ரிங் உழைத்துத் தேய்வதைவிடப் போடும்போது வெட்டுப்பட்டுக் கெடுவதுதான் அதிகம். காற்று வழித்துளையின் கூர் விளிம்பைக் கடக்கும்போதும், மரையின் மேல் உருட்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். மரையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சிலிகோன் கிரீஸை லேசாகத் தடவி நழுவவிட்டால் பாதி ரிங்குகள் மிச்சமாகும். பழையதை எடுக்க இரும்பு ஊசி வேண்டவே வேண்டாம்; பள்ளத்தில் ஒரு கோடு விழுந்தால் எந்தப் புது ரிங்கும் அதை அடைக்காது. மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் கொக்கியோ போதும்.

ரெகுலேட்டருக்கு ரிங்குகளோடு இருக்கைத் துண்டு ஒன்றும் வாங்கி வையுங்கள். டெல்ரின் அல்லது பீக் பிளாஸ்டிக்கில் செய்த சிறு வட்டம் அது. அதில் பள்ளம் விழுந்தாலோ தூசி அமர்ந்தாலோ, உயர் அழுத்தக் காற்று மெதுவாகத் தாழ் அழுத்த அறைக்குள் ஊறும். அறிகுறி தெளிவானது: பத்து நிமிடம் விட்டுச் சுடும் முதல் பெல்லட் வேகமாகப் போகும், அடுத்தடுத்தவை வழக்கமான வேகத்துக்கு வந்துவிடும். இலக்கில் முதல் குண்டு மட்டும் மேலே விழுகிறது என்று புலம்புகிறவர்கள் குறிபார்க்க உதவும் குறிகாட்டியைத் திருப்புவதற்கு முன் இதைச் சோதிக்க வேண்டும். ரெகுலேட்டரில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஒரு பொடித் துளை இருக்கும். சோப்பு நீர் விட்டு அங்கே குமிழி வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. உள்ளே அடுக்கிய குவி வாஷர்கள் துருப்பிடித்தால் ஒழிய மாற்றத் தேவையில்லை, அதனால் அவற்றை வாங்க வேண்டாம். ஆனால் பிரிக்கும்போது அடுக்கின் வரிசையையும் திசையையும் படமெடுத்து வையுங்கள். ஒன்று தலைகீழானாலும் அழுத்தம் மாறிவிடும்.

வால்வுத் தண்டு ஒன்று, வால்வு ஸ்பிரிங் ஒன்று போதும். நிரப்பும் முனைக்குள் வெண்கலத் தூளை இறுக்கிச் செய்த சிறு வடிகட்டி இருந்தால் அதிலும் ஒன்று. கைப் பம்பால் நிரப்புகிறவர்களுக்கு இது முக்கியம். அந்தக் காற்றில் ஈரம் அதிகம்.

இப்போது பாதுகாப்பு வட்டு. சில சிலிண்டர்களில் அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து காற்றை வெளியேற்றும் மெல்லிய செம்புத் தகடு ஒன்று இருக்கும். சிலிண்டர் செய்தவரே தரும் அதே அளவில் இரண்டு வாங்கி வையுங்கள். வீட்டில் செம்புத் தகட்டை வெட்டிப் போடுவதும், அடிக்கடி கிழிகிறது என்று இரண்டை ஒன்றாக அடுக்குவதும் உயிரோடு விளையாடுவது. அடிக்கடி கிழிந்தால் அழுத்தம் மிஞ்சுகிறது, அல்லது கேஜ் தவறாகக் காட்டுகிறது. பார்க்க வேண்டியது அதைத்தான். இதே காரணத்தால் கேஜ் ஒன்று கையிருப்பில் இருப்பது நல்லது. முள் பூஜ்யத்துக்குத் திரும்பாத கேஜை அன்றே மாற்றிவிடுங்கள்.

உயர் அழுத்தக் காற்று படும் எந்த இடத்திலும் தாது எண்ணெயோ, துரு நீக்கும் ஸ்பிரேயோ, சாதாரண கிரீஸோ படக் கூடாது. டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றுவதுபோலவே, திடீரென அழுந்தும் காற்றின் சூட்டில் அது பற்றி வெடிக்கும். சிலிகோன் கிரீஸ் ஒரு சிறு டியூப் வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும்.

சிலிண்டரை உதிரியாக வாங்குவதா? போட்டிக்குப் போகிறவருக்கு நிரப்பிய இரண்டாவது சிலிண்டரைவிடப் பெரிய தைரியம் வேறில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். போட்டி ரைஃபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக 10 ஆண்டு கெடு வைக்கிறார்கள். சர்வதேசத் துப்பாக்கிசுடு சம்மேளனத்தின் போட்டிகளில் கெடு தாண்டாத சிலிண்டரைக் கொண்டுவருவது வீரரின் பொறுப்பு. அந்தக் கடிகாரம் நீங்கள் பூட்டிய நாளில் அல்ல, செய்த நாளிலேயே ஓடத் தொடங்குகிறது. மூன்று ஆண்டு அலமாரியில் இருந்த சிலிண்டரை வாங்கினால் மூன்று ஆண்டை இழந்துவிட்டீர்கள் என்று பொருள். சிலிண்டரின் மேல் பொறித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். சிலிண்டரையோ அதன் அடைப்பையோ வீட்டுக் கடைசலில் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்குகளுக்கு வருவோம். வால்வைத் தட்டித் திறக்கும் ஹேமரின் ஸ்பிரிங்குக்கு நான்கு அளவுகள் வேண்டும்: கம்பித் தடிமன், வெளி விட்டம், அழுத்தாத நீளம், சுற்றுகளின் எண்ணிக்கை. இவற்றில் கம்பித் தடிமன்தான் ராஜா. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் படியாக ஏறும். 1.0 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.1 மி.மீ. போட்டால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். வெர்னியரில் ஒரு புள்ளி தவறாகப் படித்தாலே வேறு துப்பாக்கி ஆகிவிடும். அதனால் கம்பியை மட்டும் மைக்ரோமீட்டரால் மூன்று இடத்தில் அளப்பது நல்லது. ஹேமர் ஸ்பிரிங் 1, விசைத் (ட்ரிக்கர்) தொகுதியின் சிறு ஸ்பிரிங்குகள் ஒரு முழு செட் என்று வைத்தால் போதும். விசை ஸ்பிரிங் உடைவது அபூர்வம். பிரிக்கும்போது பறந்து தொலைவதுதான் வழக்கம். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பிரித்தால் தொலையாது.

விசையின் கொக்கிகளை உதிரியாக வாங்கி அரம் போட்டுப் பொருத்த வேண்டாம். அவற்றின் கடினம் பெரும்பாலும் மேல்தோலில் மட்டும் இருக்கும். தோல் போனால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு சில நூறு சுடுகளில் மழுங்கும். பிறகு கை படாமலே சுடும். தேய்ந்தால் முழு விசைத் தொகுதியையும் மாற்றுங்கள்.

ஸ்பிரிங் ரைஃபிளின் கணக்கு வேறு. அங்கே முதலில் போவது குழலின் பின்வாயில் உள்ள சீல். மெல்லிய காகிதக் கீற்றை அந்த மூட்டின் மேல் வைத்து, பெல்லட் போட்டுப் பாதுகாப்பான திசையில் சுடுங்கள். கீற்று பறந்தால் அங்கே காற்று போகிறது. இந்த சீலில் 3 வாங்கி வையுங்கள். கூடவே அடியில் போட மெல்லிய தகடு வாஷர் இரண்டு மூன்று. சீல் நல்லதாகவே இருந்தும் சற்று உள்வாங்கியிருந்தால் தகடு வைத்து உயர்த்தினாலே சரியாகிவிடும்.

பிஸ்டன் சீல் 2 வேண்டும். ஒன்று போதாதா என்றால், முதல் முறை போடுகிறவர் ஒன்றைக் கெடுப்பது சகஜம். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நெம்புகோல் நுழையும் நீள வெட்டின் விளிம்பு சீலின் உதட்டைச் சீவிவிடும். அந்த விளிம்பை முதலில் பொடித் தாளால் மழுக்கி, தூளைத் துடைத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். சில பழைய போட்டி ரைஃபிள்களின் செயற்கை சீல்கள் சுடாமல் பெட்டியில் கிடந்தாலே மெழுகுபோல் உதிர்ந்துபோகும். உங்கள் பழைய ரைஃபிளில் அப்படிப்பட்ட சீல் இருந்தால், அதே பழைய கையிருப்பில் வந்த உதிரியை வாங்குவதில் பயனில்லை. புதிதாகச் செய்ததைத் தேடுங்கள்.

பெரிய ஸ்பிரிங் 1. இங்கே பலருக்கு ஆசை வரும்: உதிரி வாங்குவதுதான் வாங்குகிறோம், கொஞ்சம் வலுவானதாக வாங்கினால் என்ன? 3.0 மி.மீ. கம்பிக்குப் பதில் 3.1 போட்டால் விறைப்பு 14 சதவீதம் கூடும். பிஸ்டன் அதிக அடியோடு முட்டும், துல்லியம் குறையும், சீலும் குறிகாட்டியின் பிடிமானமும் சீக்கிரம் போகும். சட்டமும் குறுக்கே வரும். ஜெர்மனியில் எளிதாக வைத்திருக்கக்கூடிய ஏர் ரைஃபிளுக்கு 7.5 ஜூல், இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16.3 ஜூல் என்று வரம்புகள் உண்டு. 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 165 மீட்டரில் போனால் 7.2 ஜூல். அங்கிருந்து வரம்பைத் தாண்ட ஒரு ஸ்பிரிங் மாற்றம் போதும். நீங்கள் இருக்கும் இடத்தின் வரம்பையும், குழல், ஆக்‌ஷன் போன்ற பாகங்களைத் தனியாக வாங்க அனுமதி தேவையா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பழைய அளவிலேயே ஸ்பிரிங் வாங்குங்கள்.

பெரிய ஸ்பிரிங் உடைந்தாலும் ரைஃபிள் சுடும். வேகம் குறையும், இழுக்கும்போது கரகரவென்று இருக்கும். அப்படியே ஓட்டினால் உடைந்த முனை உள்சுவரைக் கீறிவிடும், பிறகு செலவு ஸ்பிரிங்கோடு நிற்காது. அழுத்திய நிலையில் மணிக்கணக்கில் வைப்பதும், பெல்லட் இல்லாமல் சுடுவதும் ஸ்பிரிங்கையும் சீலையும் வேகமாகக் கொல்லும். மாற்றுவதற்கு ஸ்பிரிங் அழுத்தும் கவ்வி கட்டாயம் வேண்டும். கவ்வி இல்லாதவர் ஸ்பிரிங் வாங்கி வைப்பதில் பொருளில்லை. உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் பின்மூடியோடு சேர்ந்து முகத்தில் பாயும் விசை உடையது. அறைச் சுவருக்கு மாலிப்டினம் பசை, கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் புகையும், வேகமும் தாறுமாறாகும்.

திருகுகள் மலிவு, ஆனால் தவறாக வாங்குவது எளிது. ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளில் இரண்டிரண்டு, குழலைப் பிடிக்கும் தலையில்லாத சிறு திருகுகளில் நான்கு, குறிகாட்டிப் பிடிமானத் திருகுகளில் நான்கு வையுங்கள். சிலிண்டர் அடைப்பையோ வால்வையோ பிடித்திருக்கும் கறுப்பு ஆலன் திருகுகளின் தலையில் 12.9 என்று இருந்தால் அதன் இழுவை வலிமை 1200 மெகாபாஸ்கல். துருப்பிடிக்காது, பளபளப்பாக இருக்கும் என்று ஏ2-70 ஸ்டெயின்லெஸ் திருகை அங்கே போட்டால் வலிமை 700-க்கு இறங்கிவிடும். பார்வைக்கு அழகு, அழுத்தத்துக்கு ஆபத்து. அந்த இடங்களுக்கு அதே வகுப்பு, அதே நீளம் மட்டும். ஸ்பிரிங் ரைஃபிளின் உதைப்பில் கட்டைத் திருகுகள் தளர்ந்துகொண்டே இருக்கும். பல் வாஷரோ, நீல நிறத் திருகுப் பூட்டுத் திரவம் ஒரு சொட்டோ பிடித்துக்கொள்ளும். துல்லியம் திடீரென்று கெட்டால் முதலில் இந்தத் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள்.

கையிருப்பை இரண்டாகப் பிரித்து வைப்பது உதவும். போட்டிக்குக் கொண்டுபோகும் பையில், அங்கேயே பத்து நிமிடத்தில் மாற்றக்கூடியவை மட்டும்: போல்ட் முனை ரிங், நிரப்பும் முனை ரிங், சிலிண்டர் மரை ரிங், கட்டைத் திருகு, பொருந்தும் ஆலன் கீகள், சிலிகோன் கிரீஸ், மூங்கில் குச்சி, முன்குறியில் செருகும் வளையங்கள், மின் ட்ரிக்கர் இருந்தால் அதற்கு பேட்டரி. ரெகுலேட்டர் இருக்கை, வால்வுத் தண்டு, பெரிய ஸ்பிரிங் எல்லாம் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். பந்தயக் களத்தில் ரெகுலேட்டரைப் பிரித்து உட்காருகிறவர் அன்றைய போட்டியை ஏற்கெனவே விட்டுவிட்டார். அதைவிட, அழுத்தம் சரிபார்த்த ரெகுலேட்டர் ஒன்றை முழுதாக வைத்திருப்பது மேல், பணம் இருந்தால்.

ரப்பருக்கும் வயது உண்டு. ரப்பர் பொருள்களைச் சேமிப்பது பற்றிய ஐஎஸ்ஓ 2230 தரநிலை நைட்ரைலுக்கு 7 ஆண்டும், சோதித்துப் பார்த்து நன்றாக இருந்தால் மேலும் 3 ஆண்டும் தருகிறது. ரிங்குகளை ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், வடிவம் போய்விடும். வெளிச்சம் படாத பையில், மின்மோட்டார் ஓடும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். மோட்டார் பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். பையின் மேல் அளவு, கடினம், எந்த இடத்துக்கு, வாங்கிய மாதம் நான்கையும் எழுதுங்கள். உதிரி ஸ்பிரிங்குகளில் மெல்லிய எண்ணெய் பூசிக் காகிதத்தில் சுற்றி, நீளவாக்கில் படுக்க வைத்தால் போதும்.

குழல், ஆக்‌ஷன், கட்டை மூன்றையும் உதிரியாக வாங்கத் தேவையில்லை. இலகு ஈய பெல்லட்டில் குழல் தேய்வது மிக மெதுவாக நடப்பது. அந்தப் பணத்துக்கு, பெல்லட்டின் வேகத்தை அளக்கும் ஒரு வேகமானி வாங்குங்கள். நல்ல நிலையில் இருக்கும்போது பத்து சுடின் சராசரியையும் கூடக்குறைய உள்ள வித்தியாசத்தையும் குறித்து வைத்தால், எந்த உதிரி எப்போது தேவை என்பதை அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும். சராசரி மெல்ல இறங்கினால் ஸ்பிரிங்கோ சீலோ. சராசரி அப்படியே இருந்து வித்தியாசம் மட்டும் விரிந்தால் ரெகுலேட்டரோ போல்ட் ரிங்கோ.

எதை மாற்றினாலும் நிரப்பிவிட்டு ஒரு நாள் அப்படியே வைத்து அழுத்தத்தைப் பாருங்கள். பார்த்த நேரத்தின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறியுங்கள். 30 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர் 20 டிகிரியில் 193 பார்தான் காட்டும். அது கசிவு அல்ல. அதே வெப்பநிலையில் மறுநாளும் முள் இறங்கியிருந்தால் மட்டும் சோப்பு நீரை எடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த உதிரிக்குப் பதிலை அன்றே வாங்கச் சொல்லி, நோட்டில் அந்த வரிக்கு எதிரே தேதியைப் போட்டுவிடுங்கள்.